மைத்ரா வீட்டுப் பிரதி

த்ரீ கிங்ஸ்
4 மே 2025

அன்புமிக்க வின்சென்ற் சாருக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் நலம் என்பதை இன்று மதியம் எங்கள் வீட்டில் நீங்கள் வற்றல்குழம்பை மறுமுறை கேட்டு வாங்கியதிலிருந்து தெரிந்துகொண்டேன். பத்திரிகை விஷயம் என்பதால் சாப்பாட்டு மேசையில் வாய் திறக்கவில்லை. கடைத்தொகுதிக் கார் நிறுத்துமிடத்தில் நாம் நடத்திய ஆசிரியர் குழுக் கூட்டத்தின் சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்த நாளிலிருந்து, 'தெற்குத் தபால்' பற்றி எதுவானாலும் எழுத்தில் மட்டும்தான், வாயால் ஒரு சொல்லும் இல்லை என்ற விதியைக் காப்பாற்றி வருகிறோம். அதனால்தான் பத்திரிகையும் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட்டமும் நடக்கிறது.

எங்கள் மகள் தேவதர்ஷினிக்குக் கல்யாண இடம் அமைந்தது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை அனிர்பன் வங்காளி. அவருடைய அப்பா திரு. மைத்ரா ஓய்வுபெற்ற பொறியாளர், வீடு இங்கே பக்கத்தில், ஒனிஹங்காவில். போன சனிக்கிழமை எங்களைத் தேநீருக்கு அழைத்தார். வங்காள மொழியின் முதல் செய்தித்தாள் 1818இல் கல்கத்தாவில் ஒரு அச்சகத்திலிருந்து வந்ததாம். அந்த அச்சகத்தில் எழுத்துகளுக்கு மை தடவியவர் இவருடைய முன்னோராம். கேட்டதும் நான் சும்மா இருக்கவில்லை. "எங்களிடமும் ஒரு பத்திரிகை இருக்கிறது, நிச்சயதார்த்தத்தன்று வரும் இதழில் உங்கள் முதல் பத்திரிகையின் வரலாறு இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அம்புஜம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எழுத வேண்டியது நீங்கள். கணினியில் பக்கம் கட்டுவது நான். வேறு யாரை நான் கேட்பேன்?

அன்புடன்,
தண்டபாணி


பிளாக்ஹவுஸ் பே
18 மே 2025

அன்புள்ள நண்பர் தண்டபாணிக்கு,

கட்டுரை இத்துடன். வழக்கம்போலக் கையெழுத்து, நகல் எடுக்கவில்லை. உங்கள் பத்திரிகைப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்று தெரியும்.

எழுதுவது சுலபமாக இருக்கவில்லை. 1818ஆம் ஆண்டு வங்காளத்தில் இரண்டு பத்திரிகைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கின. ஒன்று, சீராம்பூர் மிஷனரிகள் மே மாதக் கடைசியில் தொடங்கிய 'சமாசார் தர்பன்'. அதன் பிரதிகள் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம், தூசு தட்டலாம், தும்மலாம். மற்றது, கல்கத்தாவில் கங்காகிஷோர் பட்டாச்சார்யா என்பவர் ஹரசந்திர ராயோடு கூட்டாகத் தொடங்கிய 'பெங்கால் கெஜெட்டி'. உங்கள் சம்பந்தி சொல்வது இதைத்தான். இது வெளிவரப்போகிறது என்று அதே மே மாதத்தில் ஒரு விளம்பரம் வந்தது. முதல் இதழ் எந்த நாளில் வந்தது என்று சொல்லத்தான் ஆளில்லை. முந்தியது என்பாரும் பிந்தியது என்பாரும் இருக்கிறார்கள். ஓர் ஆண்டளவு நடந்தது. பிறகு பங்காளிகள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒருவர் அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். இன்றுவரை அந்தப் பத்திரிகையின் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.

வெளிவரப்போகிறது என்ற விளம்பரத்தையே வெளிவந்ததற்குச் சான்றாக எடுத்தால், மாதாமாதம் வரும் என்று விளம்பரம் போட்ட நம்முடைய காலாண்டிதழும் மாத இதழ்தான்.

ஆகவே கட்டுரையின் முடிவை இப்படி எழுதியிருக்கிறேன்: "எது முதல் என்று கேட்டால், பிரதி எஞ்சியிருப்பதையே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பத்திரிகை சமாசார் தர்பன்." மற்றதைப் பற்றி மரியாதையாகவும் கொஞ்சம் அதிகமாகவுமே எழுதியிருக்கிறேன். மை தடவிய முன்னோருக்கு ஒரு பந்தி உண்டு.

அன்புடன்,
வின்சென்ற்


த்ரீ கிங்ஸ்
20 மே 2025

அன்புமிக்க வின்சென்ற் சாருக்கு,

கட்டுரை பிரமாதம். கடைசி வாக்கியம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இங்கே வங்காளிச் சங்கத்தின் மலரில் மிஷனரிப் பத்திரிகைதான் முதல் என்று போட்டதற்காக மைத்ரா துர்கா பூஜைக் குழுவை விட்டே விலகியவர் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லையாம். அப்படிப்பட்டவர் கையில், அவர் மகனின் நிச்சயதார்த்தத்தன்று, இந்த வாக்கியத்தை எப்படிக் கொடுப்பேன்? நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் சார். "உங்கள் முதல் பத்திரிகை" என்று சொல்லிவிட்டேன்.

ஒரே வாக்கியம். "பிரதி எஞ்சாவிட்டாலும் பெங்கால் கெஜெட்டியே முதல்" என்று மாற்றிவிடுங்கள். அப்படிச் சொல்லும் அறிஞர்களும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொய்யாகாது.

இன்னொன்றும் மனதில் பட்டது, சொல்லிவிடுகிறேன். மிஷனரிகள் என்றால் உங்களுக்கு இயல்பாகவே ஒரு சாய்வு இருக்கலாம் அல்லவா? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்டபாணி


பிளாக்ஹவுஸ் பே
21 மே 2025

நண்பர் தண்டபாணிக்கு,

தவறாக எடுத்துக்கொண்டேன்.

அந்த மிஷனரிகள் பாப்டிஸ்டுகள். நான் மன்னார்க் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றிக் கதைப்பதை நீங்கள் கேட்டிருந்தால் அவர்களுக்காகப் பரிந்துபேச வந்திருப்பீர்கள்.

நாற்பது வருடம் மருந்துக் கடையில் போத்தலுக்கு லேபல் ஒட்டினவன் நான். உள்ளே இருப்பதைத்தான் வெளியே எழுதலாம். வாங்குகிறவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டு ஒட்ட முடியாது. யார் முந்தி என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாத இடத்தில் கையில் இருப்பதைக் காட்டுகிறேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைத்ரா வீட்டில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தேவதர்ஷினிக்குப் பேசவும் கேட்கவும் வரும், வாசிக்க வராது. அந்த வாக்கியத்தை வாசிக்கப்போகிறவர்கள் நீங்களும் நானும் நம் இதழை வாங்கி வைக்கும் பத்துக் கடைக்காரரும். இதற்காகவா இந்தக் கடிதம்?

ஒரு சொல் மாறினாலும் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

வின்சென்ற்


த்ரீ கிங்ஸ்
9 ஜூன் 2025

அன்புமிக்க வின்சென்ற் சாருக்கு,

இதழ் அச்சுக்குப் போய்விட்டது. அச்சகக்காரர் அவசரப்படுத்தியதால் இந்த முறை பிழைதிருத்தப் படியை உங்களுக்கு அனுப்ப முடியவில்லை. மன்னிக்கவும். மழையும் விட்டபாடில்லை.

நிச்சயதார்த்தம் 28ஆம் தேதி, சனிக்கிழமை, மைத்ரா வீட்டில். நீங்களும் றோஸ்மேரி அக்காவும் முன்னதாகவே வந்துவிட வேண்டும். தேவதர்ஷினி, "வின்சென்ற் அங்கிள் வரலைன்னா நான் மோதிரம் போட்டுக்க மாட்டேன்" என்கிறாள்.

அன்புடன்,
தண்டபாணி


பிளாக்ஹவுஸ் பே
30 ஜூன் 2025

திரு. தண்டபாணி அவர்களுக்கு,

விதிப்படி அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மோதிரம் மாற்றி முடிந்ததும் மைத்ரா நம் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு நடு ஹாலுக்கு வந்தார். "வின்சென்ற் பாபு, இதை எழுதியவர் நீங்கள். நீங்களே தமிழில் வாசியுங்கள். புரியாவிட்டாலும் அந்த ஓசையை நாங்கள் கேட்க வேண்டும்" என்றார்.

நீங்கள் எழும்பிய வேகத்தில் ரசகுல்லாத் தட்டு ஆடியது.

"சாருக்குத் தொண்டை சரியில்ல, நான் வாசிக்கிறேன்" என்றீர்கள்.

"தொண்டைக்கு ஒண்டும் இல்லை" என்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் மகளின் நிச்சயத்தில் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"நீங்களே வாசிங்கண்ணா, உங்க குரல்ல கேட்டாத்தான் அது நல்லாருக்கும்" என்றார் அம்புஜம். அவருக்கும் விஷயம் தெரியாது என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

தேவதர்ஷினி பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், ப்ளீஸ், கொஞ்சம் மெதுவா. நான் இங்கிலீஷ்ல சொல்லிட்டே வரேன்." உங்களுக்கு நான் எழுதியிருந்தேன், அந்த வாக்கியத்தை வாசிக்க அங்கே ஆளில்லை என்று. வாசிக்கத்தான் தெரியாது, கேட்டுச் சொல்லத் தெரியும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் பிழை.

வாசித்தேன். அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். மை தடவிய முன்னோரின் பந்தியில் மைத்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசிப் பந்திக்கு வந்தேன். அங்கே நான் எழுதாத ஒரு வாக்கியம், என் பெயருக்கு மேலே, என் நடையிலேயே இருந்தது. நடையை நன்றாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

நிறுத்தினேன். என் வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லியிருக்கலாம். தாளில் இருப்பது வேறு என்று உங்களைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரிந்திராது. நீங்கள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தேவதர்ஷினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் வாக்கியத்தைச் சொன்னால் அதை அவள்தான் தன் வாயால் அந்த மனுஷனுக்குச் சொல்ல வேண்டும், மோதிரம் போட்ட கையோடு.

அச்சில் இருந்ததை வாசித்தேன்.

அவள் மொழிபெயர்த்ததும் அந்த வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். இத்தனை வருடம் எழுதியதில் எனக்குக் கிடைத்த ஒரே குலவை, நான் எழுதாத வாக்கியத்துக்கு.

இரண்டு விஷயம். கடைகளில் இருக்கும் பிரதிகள் அத்தனையையும் திருப்பி எடுங்கள். இனிமேல் 'தெற்குத் தபால்' உங்களுடையது. என்னுடையது அல்ல.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

வின்சென்ற்


த்ரீ கிங்ஸ்
8 ஜூலை 2025

மதிப்பிற்குரிய வின்சென்ற் சாருக்கு,

நான் செய்தது தவறு. பக்கம் கட்டும்போது செய்தேன். உங்கள் பெயரையாவது எடுத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதுகிறீர்கள் என்று மைத்ராவிடம் சொல்லியிருந்தேன், அதனால் எடுக்கவில்லை. ஒன்றை மறைக்க இன்னொன்று.

தேவதர்ஷினிக்கு முப்பத்துநான்கு வயது. நாங்கள் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனபோது, "விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அந்தத் தேநீர் நாளில் மைத்ராவின் மனைவி ஏதோ சொல்ல, இவள் சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஹாலில் உட்கார்ந்து அதைக் கேட்டவன் ஒரு வாக்கியத்தில் கை வைத்துவிட்டான்.

நீங்கள் சொன்னபடி எல்லாப் பிரதிகளையும் திருப்பி எடுத்துவிட்டேன். கடை கடையாகப் போனேன். ஒரு கடையில் கறிவேப்பிலைப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்தார்கள், உருவி எடுத்தேன். தபாலில் போனவற்றையும் வீடு வீடாகப் போய் வாங்கினேன். ஒருவர்கூட "இன்னும் படிச்சு முடிக்கல" என்று சொல்லவில்லை. அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

எல்லாவற்றையும் பத்திரிகைப் பெட்டியோடு மறுசுழற்சித் தொட்டியில் போட்டு, லாரி வந்து கொண்டுபோவதை நின்று பார்த்தேன். கணினியிலும் அந்த இதழை முழுவதும் அழித்துவிட்டேன், அச்சகக்காரரையும் அழிக்கவைத்தேன். ஒரு தடயமும் இல்லை. பிறகுதான் உறைத்தது: உங்கள் கையெழுத்துக் கட்டுரையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

தண்டபாணி


த்ரீ கிங்ஸ்
10 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய வின்சென்ற் சாருக்கு,

என் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஞாயிறு தவறாமல் வருகிறீர்கள். அம்புஜத்திடம் ரசத்தைப் புகழ்கிறீர்கள். தேவதர்ஷினி கல்யாணப் புடவை காட்டினால் அரை மணி நேரம் பார்க்கிறீர்கள். என்னோடு கேரம் ஆடுகிறீர்கள், தோற்றால் பலகையைக் குறை சொல்கிறீர்கள். எல்லாம் முன்புபோலவே இருக்கிறது. ஆனால் தபால் பெட்டியைத் திறந்தால் மின்கட்டணம் மட்டும்தான்.

போன வாரம் ஆட்டத்தின் நடுவில் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. நீங்கள், "என்ன யோசினை, சிவப்பைப் போடுங்கோ" என்றீர்கள். போட்டேன். விதியை மீறினால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுமோ என்று பயம். மீறாவிட்டால் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சாகும்வரை தெரியாது. சண்டை வரக்கூடாது என்று போட்ட விதி சார் இது. இப்போது மன்னிப்புக் கேட்கவும் விடமாட்டேன் என்கிறது.

எதிரே உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிடுகிறவரிடம் ஒரு வரி பதிலுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதுகிறேன். திட்டியாவது எழுதுங்கள்.

தண்டபாணி


பிளாக்ஹவுஸ் பே
24 ஆகஸ்ட் 2025

நண்பர் தண்டபாணிக்கு,

பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேறு நல்ல காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

போன வியாழன் மைத்ரா வீட்டுக்குத் தனியே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள், நானும் அதைச் சாட்டாக வைத்துப் போகாமல் இருந்திருப்பேன். பஸ்ஸில் முழுவழியும் தேவதர்ஷினியின் முகம்தான். ஒரு தரம் இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். மழை பெய்தது, அதனால் இறங்கவில்லை.

கதவைத் திறந்தவர் நேரே ஹாலுக்குக் கூட்டிப்போனார். சுவரில் நம் இதழின் அந்தப் பக்கம், கறுப்புச் சட்டத்தில். "விசேஷக் கண்ணாடி. வெயில் பட்டாலும் மை மங்காது. இருநூறு வருடம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார்" என்றார். நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். சம்பந்தி வீட்டை மறந்துவிட்டீர்கள்.

சொன்னேன். வாக்கியம் என்னுடையது அல்ல, மாற்றியது யார், ஏன் மாற்றினார், எல்லாம். அவர் சட்டத்தின் கிட்டப் போய் அந்தக் கடைசிப் பந்தியைப் பார்த்தார். பிறகு, "யாருக்குப் பயந்து மாற்றினார்?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

பூஜைக் குழுவை விட்டு விலகிய கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். விலகியது உண்மையாம். மூன்று வருடம் தொடர்ந்து கிச்சடி அண்டா கழுவும் வேலையை அவருக்கே கொடுத்தார்களாம், அதுதான் காரணம். மை தடவிய முன்னோரும் அவருடைய தகப்பன் சொன்ன கதைதானாம். தாயார் சொன்ன கதையில் அதே ஆள் குடை விற்றவராம். "எதுவானாலும் கை கறுப்புத்தான்" என்றார்.

"கட்டுரையில் மிஷனரிப் பத்திரிகை முதல் என்று இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"அன்றைக்கே உங்களோடு நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட ஒரு விஷயம் வேண்டாமா? கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன?" இதை ஏதோ நாம் அவருடைய நல்ல சண்டை ஒன்றைத் திருடிவிட்டதுபோலத்தான் சொன்னார்.

ஆகவே நீங்கள் செய்தது தேவையில்லாதது. செய்யத் தேவையில்லாததைச் செய்ததற்காக உங்களை மன்னிப்பது, தேவைப்பட்டுச் செய்திருந்தால் மன்னிப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. முயற்சி செய்கிறேன்.

இப்போது நம் நிலைமை இது. கையெழுத்து இல்லை. கணினியில் இல்லை. கடைகளில் இல்லை. உலகத்தில் எஞ்சியிருப்பது மைத்ரா வீட்டுப் பிரதி ஒன்றுதான். அதில் என் பெயருக்கு மேல் உங்கள் வாக்கியம் இருக்கிறது. பிரதி எஞ்சியிருப்பதையே சொல்ல வேண்டும் என்று எழுதியவன் நான். அந்த விதிப்படி, இருநூறு வருடம் கழித்து யாராவது பார்த்தால், பெங்கால் கெஜெட்டியே முதல் என்று எழுதியவனும் நான்தான்.

இதற்கு ஒரே வழி, சரியான வாக்கியத்தோடு இன்னொரு பிரதி உலகத்தில் இருப்பது. அதற்கு அடுத்த இதழ் வரவேண்டும். எனக்குப் பக்கம் கட்டத் தெரியாது. இதைச் சமாதானம் என்று எடுக்க வேண்டாம்.

கட்டுரையை நினைவிலிருந்து திரும்ப எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை நகல் எடுத்தேன், றோஸ்மேரியிடம் இருக்கிறது. பிழைதிருத்தப் படி என் கைக்கு வராமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகக்கூடாது. கட்டுரையின் கீழே, முந்திய இதழில் வாக்கியத்தை மாற்றியது நீங்கள் என்று உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். நடையை என்னுடையதுபோல எழுத வேண்டாம்.

புதுப் பிரதியையும் சட்டம் போட்டுப் பழையதன் பக்கத்தில் மாட்டுவதாக மைத்ரா சொன்னார். சுவரில் இடம் அளந்துவிட்டார். "வருகிறவர்கள் சண்டை போடட்டும்" என்கிறார்.

ஞாயிறு வருவேன். இந்தக் கடிதத்தைப் பற்றி நீங்களும் வாய் திறக்கக்கூடாது, நானும் திறக்க மாட்டேன்.

அந்தக் கல்கத்தாப் பங்காளிகள் இருவரும் எதற்காகப் பிரிந்தார்கள் என்று நான் வாசித்த எதிலும் இல்லை. என் ஊகத்தைக் கட்டுரையில் சேர்க்கவில்லை, சான்று கிடையாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: அவர்கள் வாயால் கதைத்திருப்பார்கள்.

அன்புடன்,
வின்சென்ற்